செத்த யூபிஎஸ் பெட்டரியும் அப்பாவின் குடில் விளக்கும்

என் கடை மஸ்கெலியா டவுனில் இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் பத்தடிக்குப் பத்தடிக்குள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற கடையின் மூன்று யூபிஎஸ் பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் எங்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். அது இறங்கிப்போய்த்தான் கென்யன், லக்சபான மின்நிலையங்களில் கரண்டாகிறது. நாங்கள் இங்கே மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தோம்.

யூபிஎஸ்ஸைக் கழற்றினால் உள்ளே செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டரி. 12 வோல்ட், 7 அம்பியர் மணி (எவ்வளவு கரண்டை எத்தனை மணி நேரம் தரும் என்ற கணக்கு). புதுசு வாங்க அப்போது கையில் காசில்லை. ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "எறிஞ்சிடாத, தண்ணி வத்தியிருக்கும்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது. இப்போது டவுனில் யாருடைய யூபிஎஸ் படுத்தாலும் பெட்டரி என் கடைக்கு வந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றுதான் எழும்பும், அதுவும் பாதி உயிரோடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பெட்டரியைப் புதுசாக்கலாம் என்று போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் வந்து நிற்கிறார்கள். புதுசாகாது. ஆனால் ஒரு 3 வாட் விளக்குக்குப் பாதி உயிரே மிச்சம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எது தேறும், எது தேறாது என்று தானாகப் புரியும். ஒரு பெட்டரிக்குள் ஆறு அறை, ஒவ்வொன்றும் 2 வோல்ட் சொச்சம். ஈயத் தகடுகளுக்கு நடுவே கண்ணாடி நாரால் செய்த பஞ்சு. அமிலம் முழுவதும் அந்தப் பஞ்சில் ஊறியிருக்கும், லொறி பெட்டரி மாதிரித் தளும்பாது. யூபிஎஸ் இதை இரவு பகலாக 13.5, 13.8 வோல்ட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஆகும்போது பிரிகிற வாயுவில் பெரும்பகுதி உள்ளேயே மறுபடி தண்ணீராகிவிடும். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர் மூடி வழியாக வெளியே போகும். யூபிஎஸ்ஸுக்குள் எப்போதும் வெதுவெதுப்பு வேறு. நாலைந்து வருஷத்தில் பஞ்சு காய்ந்துவிடும். இது ஒரு நோய். சார்ஜ் இறங்கிய பெட்டரியை மாசக்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அது இரண்டாவது. இரண்டுக்கும் ஓரளவு வைத்தியம் உண்டு. தகடே அரித்து உதிர்ந்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே வேலையில் பாதி, ஒதுக்குவதுதான். வயிறு ஊதிய பெட்டரியைத் திறக்கவே வேண்டாம். வெடிப்பு, கசிவு, முனை அரித்துப் பச்சை பூத்தது, இவையும் வேண்டாம். அடுத்தது எடை. மரக்கறி நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். 7 அம்பியர் மணி என்று எழுதியிருக்கிற பெட்டரி 2 கிலோவாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் உள்ளே ஈயமே கொஞ்சம்தான், மினக்கெடாதீர்கள்.

பிறகு மல்டிமீட்டர். 10.5 வோல்ட் பக்கம் காட்டி, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அங்கேயே நின்றால் ஓர் அறை போய்விட்டது என்று அர்த்தம். 5 வோல்ட், 3 வோல்ட் என்று காட்டினால் ஒரு தடவை முயற்சி செய்யலாம், ஆசை வைக்கக்கூடாது. எனக்குப் பிடித்தது வேறு ஒரு வகை. மீட்டர் வைத்தால் 12.6 என்று காட்டும், முழு ஆரோக்கியம் மாதிரி. ஒரு சிக்னல் பல்பைக் கொடுத்ததும் 8 வோல்ட்டுக்கு விழுந்து, பல்ப் சிவந்து அணையும். நூற்றுக்குத் தொண்ணூறு அது தண்ணீர் வற்றிய கேஸ். எழும்புகிறவை அநேகமாக அதில்தான் வரும்.

திறப்பதற்கு முன் சில விஷயம். பெண்கள் வளையலைக் கழற்றிவிடுங்கள், தாலிக்கொடியை உடுப்புக்குள் விடுங்கள். இந்தச் சின்னப் பெட்டரியின் இரண்டு முனையையும் ஒரு உலோகம் தொட்டால் ஒரு கணத்தில் நூறு அம்பியருக்கு மேல் ஓடும், தங்கம் என்றும் பார்க்காது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கைக்கு ரப்பர் உறை. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும், அப்பச்சோடா கரைத்த ஒரு கிண்ணமும் வையுங்கள். அமிலம் மேசையிலோ துணியிலோ பட்டால் சோடாக் கரைசலை ஊற்றினால் நுரைத்து அடங்கும். கண்ணில் பட்டால் சோடா வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய உடுப்போடு உட்காருங்கள். நான் ஒருநாள் மடியில் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே இந்த வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. துவைத்துக் காயப்போட்டபோது சல்லடை.

வேலை செய்கிற இடம் இஸ்தோப்பாக, வீட்டு முன் திண்ணையாக இருக்கட்டும். லயத்துக் காம்பராவுக்குள் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் குளிருக்காக ஜன்னலை அடைத்து வைப்போம், உள்ளே விறகடுப்பு எரியும். சார்ஜ் ஆகிற பெட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். உள்ளே எட்டிப் பார்க்க டோர்ச் பிடியுங்கள். லைட்டரைக் கிட்டக் கொண்டுபோன ஒருவரை நானே கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன்.

மேல்மூடி தகடு மாதிரி ஒன்று, நாலைந்து இடத்தில் பசை வைத்து ஒட்டியிருக்கும். ஓரத்தில் சின்ன இடுக்கு தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவரை அதில் கொடுத்து மெதுவாக நெம்பினால் டக்கென்று விடும். ஆழமாகக் குத்தக்கூடாது. கீழே ஆறு ரப்பர் மூடி, பேனா மூடி அளவில். ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் மூடியில் போட்டு வையுங்கள். ஒன்று உருண்டு போனால் அந்தப் பெட்டரி கதை முடிந்தது. துளை வழியாக டோர்ச் அடித்தால் பஞ்சு தெரியும். ஈரமாக இருந்தால் மினுங்கும். காய்ந்திருந்தால் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிக் கிடக்கும்.

தண்ணீர் என்றால் வடித்த தண்ணீர் மட்டும். பெற்றோல் செட்டில் பெட்டரித் தண்ணீர் என்று போத்தலில் கிடைக்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், அமிலத்தையும் அதே மாதிரிப் போத்தலில்தான் விற்கிறார்கள். அமிலம் ஊற்றக்கூடாது. வெளியே போனது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஊற்றினால் தகட்டைத் தின்றுவிடும். நான் முதல் பெட்டரிக்குப் பீலித் தண்ணீர் ஊற்றினேன். மலையிலிருந்து நேராக வருகிறது, இதைவிடச் சுத்தம் எங்கே என்று நினைத்தேன். குடிப்பதற்குச் சரி. அதில் கரைந்திருக்கிற இரும்பும் உப்பும் பெட்டரிக்கு நஞ்சு. இரண்டு கிழமையில், எதுவும் கொடுக்காமலேயே சார்ஜ் தானாக இறங்கிப் போனது.

பாமசியில் 5 மில்லி சிரிஞ் வாங்குங்கள், ஊசி தேவையில்லை. ஓர் அறைக்கு 1 மில்லி விட்டு நிறுத்துங்கள். பஞ்சு உறிஞ்சும்போது மெல்லிய சத்தம் கேட்கும். ஆறையும் சுற்றிவந்து மறுபடி 1 மில்லி. என் அனுபவத்தில் 7 அம்பியர் மணிப் பெட்டரி ஓர் அறைக்கு 3 முதல் 5 மில்லி வரை குடிக்கும். பஞ்சு மினுங்கத் தொடங்கினால் போதும், மேலே தண்ணீர் தேங்கக்கூடாது. ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் மறுபடி பாருங்கள். காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம், தேங்கியிருந்தால் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுங்கள். மூடிகளை மாட்டி, மேல்தகட்டை வைத்து, அதன்மேல் ஒரு கனமான கல்லை வையுங்கள். ஒட்ட வேண்டாம், இன்னும் வேலை இருக்கிறது. கல் வைக்காமல் சார்ஜ் போட்ட அன்றைக்கு ஒரு ரப்பர் மூடி எழும்பித் தகரக் கூரையில் அடித்தது. பூனை இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

இனிச் சார்ஜ். இங்கேதான் ஆட்கள் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். பெரிய சார்ஜரை மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றப் பார்ப்பார்கள், பெட்டரி சூடேறி ஊதும். 7 அம்பியர் மணிக்கு முக்கால் அம்பியருக்கு மேல் வேண்டாம். நான் கண்ட வழி ஒரு 10 வாட் சோலர் பெனல். 12 வோல்ட் பெட்டரிக்கென்று விற்கிற, 36 செல் உள்ள சாதாரணப் பெனல். உச்சி வெயிலிலும் அரை அம்பியர் சொச்சத்துக்கு மேல் அதனால் தரவே முடியாது, ஆகவே கரண்டை மட்டுப்படுத்தத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவே சார்ஜை மட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலரும் இப்போது வேண்டாம், அது செத்த பெட்டரியைக் கண்டால் சும்மா இருந்துவிடும். பெனலின் கூட்டல் வயரில், கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்க ஒரு டயோடு, பிறகு மல்டிமீட்டரை அம்பியரில் வைத்து இடையில் கொடுத்து, பெட்டரிக்கு. வெறும் பெனல் 20 வோல்ட்டுக்கு மேல் போகும் என்பதால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடை வாசலில் வைத்துவிட்டு நான் போட்டோகொப்பி அடித்துக்கொண்டே பார்ப்பேன்.

முதல் அரை மணி நேரம் மனம் நொந்துவிடும். வோல்ட் சட்டென்று 15, 16 என்று ஏறி நிற்கும், கரண்ட் ஒன்றுமே ஓடாது. விட்டுவிடாதீர்கள். படிந்த சல்பேட் வழிவிட நேரமெடுக்கும். பெட்டரியைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா, சரி, இருக்கட்டும். ஒரு மணி, இரண்டு மணி, சிலது ஒரு முழு நாள். திடீரென்று வோல்ட் 13க்கு இறங்கி, கரண்ட் 0.05, 0.1, 0.3 என்று ஏறத் தொடங்கும். வோல்ட் இறங்குவதைக் கண்டு சந்தோஷப்படுகிற ஒரே இடம் இதுதான். இரண்டு முழு வெயில் நாளிலும் அது நடக்கவில்லையென்றால் இரும்புக்காரனுக்குப் போடுங்கள். உயிர் வந்த பெட்டரி மெதுவாக ஏறி 14.7 வோல்ட் தொட்டதும் கழற்றிவிட வேண்டும். எப்போதாவது கைக்குச் சூடு தெரிந்தால் உடனே கழற்றுங்கள்.

அந்த 14.7 என்பது 25 பாகைச் சூட்டுக்கு. மேலே நுவரெலியாப் பக்கம் 15 பாகையில் வைத்திருப்பவர்கள் கால் வோல்ட் கூட்டி, 14.9 வரை விடலாம். குளிரில் பெட்டரி சார்ஜ் ஏற மறுக்கும். கொழும்பில் எழுதிய கணக்கை அப்படியே பின்பற்றினால் மலையில் எப்போதும் அரை வயிறுதான். மறுபக்கம், குளிரில் பெட்டரி நீண்ட நாள் உழைக்கும். அந்த வகையில் மலை நமக்குச் சாதகம்.

இந்த வேலைக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. ஆனி, ஆடியில் தொடங்காதீர்கள். அந்த மழையிலும் மூட்டத்திலும் ஒரு பெட்டரியை எழுப்ப ஒரு கிழமை போகும், அதுவரை பாதிச் சார்ஜில் கிடந்து மறுபடி சல்பேட் படியும்.

சார்ஜ் ஏறியதும் கழற்றி, ஓர் இரவு வைத்து, காலையில் அளந்தால் 12.7, 12.8 இருக்க வேண்டும். இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் நம்பிவிடாதீர்கள். பெட்டரியின் உண்மை பல்பில்தான் தெரியும். மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்று, 12 வோல்ட் 10 வாட். அது 0.8 அம்பியர் போல் இழுக்கும். மாட்டிய நேரத்தை எழுதிவைத்து, அரை மணிக்கொரு தடவை வோல்ட்டைப் பாருங்கள். 10.5 தொட்டதும் கழற்றி நேரத்தைக் குறியுங்கள். புதுப் பெட்டரி ஏழு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். நான் எழுப்பியது முதல் தடவை ஒன்றரை மணி நேரம் நின்றாலே நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்வேன். சோதித்த அன்றைக்கே மறுபடி சார்ஜ் போட வேண்டும், வெறும் வயிற்றில் ஓர் இரவுகூடக் கிடக்கக்கூடாது. இப்படி மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். அப்பாவின் குடிலில் இப்போது இருக்கிற பெட்டரி முதலில் 1 மணி 40 நிமிடம், இரண்டாம் தடவை 2 மணி 50 நிமிடம், மூன்றாம் தடவை 3 மணி 20 நிமிடம் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மேல்தகட்டைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டிவிடலாம். வாயு போக ஓரத்தில் இடுக்கு விட்டு ஒட்டுங்கள், முழுக்க அடைக்காதீர்கள். ஒன்றரைக்குக் கீழே நிற்பது வீண். இடையில் நிற்பதைக் கடையிலேயே வைத்துக்கொள்வேன், கரண்ட் போனால் ஒரு விளக்குக்கு.

எப்சம் உப்பு, படிகாரம், அஸ்பிரின் மாத்திரை, இதெல்லாம் போடலாமா என்று கேட்பார்கள். போடாதீர்கள். மின் அடி கொடுத்துத் தகட்டின் சல்பேட்டைக் கழற்றும் பல்ஸ் கருவி ஒன்றை அண்ணன் செய்து பார்த்தார். மெதுவான சார்ஜைவிட அது என்ன கூடுதலாகச் செய்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

சரி, குடிலுக்கு வருவோம். அப்பா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு மேல் மலையில் கொஞ்சம் போஞ்சியும் கோவாவும் போடுகிறார். ராத்திரியில் காட்டுப்பன்றி வரும், அதனால் ஒரு தகரக் குடில். அங்கே கரண்ட் கம்பி கிடையாது. 3 வாட் எல்இடி விளக்கு ஒன்று, கால் அம்பியர். ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒன்றேகால் அம்பியர் மணி. 3 மணி 20 நிமிடம் 10 வாட் பல்பைத் தாங்கிய பெட்டரியில் ஏறக்குறைய 2.7 அம்பியர் மணி இருக்கிறது. பாதியோடு நிறுத்துகிறோம், அதனால்தான் இது ஓடுகிறது. அடி வரை இறக்கினால் எழும்பிய பெட்டரி இரண்டு மாசத்தில் மறுபடி படுக்கும். கொன்ட்ரோலரில் சீல்ட் பெட்டரி என்ற அமைப்பைத் தெரிவு செய்து, விளக்கை அணைக்கும் வோல்ட்டை 11.8க்கு உயர்த்தி வைத்திருக்கிறேன். கொன்ட்ரோலரைப் புதுசாக வாங்கும்போது அது பெரும்பாலும் 10.7, 11 என்று இருக்கும்.

தொல்லை அப்பாவின் போன் வழியாக வந்தது. 5000 மில்லியம்பியர் போனை ஒரு தடவை முழுசாக ஏற்றினால் 12 வோல்ட்டில் 2 அம்பியர் மணி போய்விடும், விளக்கு ராத்திரி எரிவதைவிட அதிகம். அப்பா அங்கே போனில் பழைய பாட்டுக் கேட்பார். "பேட்டறி போயிருச்சு, நீ ரிப்பேர் பண்ணது சரியில்ல" என்று ஒரு மாசம் என்னைத் திட்டினார். கடைசியில் போனை வீட்டிலேயே சார்ஜ் பண்ணிக்கொண்டு போவதாக ஒப்பந்தம்.

குடிலில் 20 வாட் பெனல் போட்டிருக்கிறோம். ஆடி மாசத்தில் நாள் முழுக்கச் சேர்த்து இரண்டு மணி நேர வெயில் கிடைத்தால் பெரிது, 10 வாட் அதற்குக் காணாது. பெனலைத் தெற்கே லேசாகச் சாய்த்து வைக்கச் சொல்வார்கள். எங்கள் இடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிடும், ஆகவே நான் கொஞ்சம் கிழக்கே திருப்பி வைத்தேன், காலை வெயிலை விடக்கூடாது என்று. மாட்டும்போது கொன்ட்ரோலரில் முதலில் பெட்டரி, பிறகு பெனல். கழற்றும்போது முதலில் பெனல். பெட்டரியின் கூட்டல் முனைக்கு ஒட்டினாற்போல் 5 அம்பியர் ஃபியூஸ். இரண்டு பெட்டரி வேண்டுமென்றால் பல்ப் நேரம் ஒத்த இரண்டை எடுத்துப் பக்கம் பக்கமாக, கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல் என்று இணையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். எழும்பிய பெட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்க வேண்டாம், மெலிந்தது முதலில் தீர்ந்து, மற்றது அதன் வழியே தலைகீழாகத் தள்ளி ஒரேயடியாகக் கொன்றுவிடும்.

தேறாதவற்றை என்ன செய்வது? இரும்புக்காரன் எடைக்கு எடுப்பான், முழுசாகக் கொடுங்கள். உடைத்து ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு செய்யலாமே என்று குளத்தில் மீன் பிடிக்கிற பையன்கள் கேட்கிறார்கள். கொடுப்பதில்லை. செனகல் நாட்டில் டக்கார் நகரத்தின் ஓரத்தில் தியாரோய் என்று ஓர் இடம். அங்கே பழைய பெட்டரியை உடைத்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரைக்குள் 18 பிள்ளைகள் செத்தார்கள், மண்ணில் கலந்த ஈயத்தால். லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடுகிற மண்ணை நினைத்தால் எனக்கு அந்தக் காசு வேண்டாம். இரும்புக்காரன் வரும் வரை தேறாத பெட்டரிகளை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு, முனைகளுக்கு டேப் சுற்றி, பூட்டி வைக்கிறேன்.

ஒவ்வொரு பெட்டரியிலும் வெள்ளை டேப் ஒட்டி எழும்பிய தேதியையும் பல்ப் நேரத்தையும் எழுதியிருக்கிறேன். மூன்று மாசத்துக்கொரு தடவை அப்பா பெட்டரியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கி வருவார். பல்பை மாட்டிவிட்டு இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்போம். போன தடவை 2 மணி 35 நிமிடம்.